கோட்டைச் சுவரும் ஒற்றைத் தலைவலியும்

கல்லூரியில் ஒளியியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் லென்சுச் சமன்பாட்டை எழுதிவிட்டு ஓரடி பின்வாங்கிப் பார்த்தபோது, சமன்பாட்டின் வலப்பாதியைக் காணவில்லை. யாரும் அதை அழிக்கவில்லை. பார்வையைச் சற்று வலப்புறம் திருப்பினால் அது தெரிந்தது. ஆனால் பலகைக்கு அப்பாலிருந்த சன்னல் மறைந்துவிட்டது. சில நிமிடங்களில் அந்த வெற்றிடத்தின் ஓரமாக, ரம்பப் பற்களைப் போன்ற ஒளிக்கோடு ஒன்று மினுக்கத் தொடங்கியது. அது வில்லாக வளைந்து, மெல்லப் பெருத்து, பார்வையின் ஓரத்திற்குச் சென்று மறைய இருபது நிமிடங்களுக்கு மேலாயிற்று. அதன் பிறகு தலையின் இடப்பாதியில் வலி தொடங்கியது.

வலி எனக்குப் புதிதன்று. பன்னிரண்டு வயதிலிருந்தே அது என்னுடன் இருக்கிறது. சுக்குப் பற்றும் தைலமும் போட்டார்கள், கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள், மாத்திரையும் தந்தார்கள். 'கணக்குப் பாடம் வந்தால் மட்டும் இவனுக்குத் தலைவலி வந்துவிடும்' என்று பள்ளியில் ஓர் ஆசிரியர் வகுப்பறையில் சொன்னார். வலியைக் காட்டிலும் அந்தச் சொல்தான் நெடுநாள் நின்றது. வாசகர்களே, உங்களிலும் பலர் இதே சொல்லைக் கேட்டிருப்பீர்கள். காய்ச்சலை வெப்பமானி காட்டும், எலும்பு முறிவை எக்ஸ் கதிர்ப் படம் காட்டும். தலைவலியைக் காட்டும் கருவி மருத்துவர் மேசையில் இல்லை. ஆகவே 'நடிப்பு' என்று சொல்லிவிடுவது எளிது.

ஆனால் இந்த வலியின் ஒரு பகுதியைக் கடிகாரத்தால் அளக்கலாம், தாளில் வரையலாம். அவ்வாறு அளந்தும் வரைந்தும் அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவர்களில் சிலர், நம் இயற்பியல் பாடநூல்களில் தினமும் சந்திக்கும் பெயர்களுக்கு உரியவர்கள்! அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பாதித் தலை

தலைவலி மனிதனைப் போலவே பழையது. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்திய ஏபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில் தலைவலிக்கு மருந்துகள் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலென் என்ற கிரேக்க மருத்துவர் 'ஹெமிக்ரேனியா' என்ற சொல்லைக் கையாண்டார். 'பாதி மண்டையோடு' என்பது அதன் பொருள். அதுவே தேய்ந்து 'மைக்ரேன்' ஆயிற்று. ஆயுர்வேத நூல்கள் இதை அர்த்தாவபேதகம் என்கின்றன. பாதியைப் பிளப்பது என்று பொருள். நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். மூன்று மொழிகளும் பாதித் தலையைக் குறிக்கும் வகையில் பெயர் வைத்தது வியப்பன்று. நோயாளி கையை எங்கே வைத்தார் என்று பார்த்துத்தானே பெயர் வைத்தார்கள்?

பெயர் வைத்தாயிற்று, காரணம் தெரியவில்லை. 1672இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், தலையின் குருதிக் குழாய்கள் விரிவதால் வலி வருகிறது என்று எழுதினார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் ஆன் கான்வே என்ற தத்துவ அறிஞர். பன்னிரண்டு வயதில் தொடங்கிய தலைவலி 1679இல் அவர் இறக்கும்வரை விடவில்லை. ஐரோப்பாவின் தலைசிறந்த மருத்துவர்கள் பார்த்தும் பயனில்லை. அவர்கள் எல்லாரும் வலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலியை அளக்க முடியாதே!

வொல்லாஸ்டன் கண்ட 'சன்'

அளக்கத் தக்க ஒன்றை முதலில் கூர்ந்து நோக்கியவர்களில் வில்லியம் ஹைடு வொல்லாஸ்டன் ஒருவர். பல்லேடியம், ரோடியம் என்ற தனிமங்களைக் கண்டுபிடித்தவர் இவரே. சூரிய நிறமாலையில் கருங்கோடுகள் இருப்பதை 1802இல், பிரான்ஹோபருக்கு முன்பே, கண்டவரும் இவரே. ஒரு நாள் கடும் உடலுழைப்புக்குப் பின், எதிரே வந்த மனிதரின் முகத்தில் பாதிதான் இவருக்குத் தெரிந்தது. ஒரு கதவின் மேல் 'ஜான்சன்' என்ற பெயர் எழுதியிருந்தது. இவருக்குத் தெரிந்தது 'சன்' மட்டுமே. கால்மணி நேரத்தில் எல்லாம் சரியாயிற்று.

வேறொருவராக இருந்தால் கண்ணைக் கழுவிக்கொண்டு போயிருப்பார். வொல்லாஸ்டன், இடப்பாதி மறைவது இரண்டு கண்களுக்கும் ஒன்றாகவே இருந்ததைக் கவனித்தார். இது மிக முக்கியமான செய்தி. ஒரு கண்ணில் கோளாறு என்றால் அந்தக் கண்ணை மூடியதும் கோளாறு தெரியாமல் போகவேண்டும். இரண்டு கண்களும் ஒரே நொடியில், ஒரே பாதியில் பழுதாவது எப்படி? கண் ஒரு குவிலென்சு. விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழானது, இடவலம் மாறியது. எனவே நமக்கு இடப்புறத்தில் உள்ள பொருளின் பிம்பம் இரண்டு விழித்திரைகளிலும் வலப்பாதியில் விழுகிறது. இரு வலப்பாதிகளிலிருந்தும் புறப்படும் நரம்பிழைகள் எங்கோ ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து, மூளையின் ஒரே பக்கத்திற்குப் போனால்தான் இவ்வாறு நிகழும். அதாவது இரு பார்வை நரம்புகளும் சந்திக்கும் இடத்தில் பாதி இழைகள் மட்டும் பக்கம் மாறுகின்றன. நியூட்டன் தம் ஒளியியல் நூலில் 1704இலேயே இப்படி ஊகித்திருந்தார். வொல்லாஸ்டன் தம் பார்வையையே சான்றாக வைத்து 1824இல் இதை எழுதினார். இன்றைய உடற்கூறு நூல்கள் சொல்வதும் இதையே.

புரூஸ்டரும் ஏரியும்

அடுத்து வருபவர் டேவிட் புரூஸ்டர். ஒளி முனைவாக்கத்தில் 'புரூஸ்டர் கோணம்' படிக்காத இயற்பியல் மாணவர் உண்டா? கலைடாஸ்கோப் விளையாட்டுக் கருவியை அமைத்தவரும் அவரே. அவருக்கும் இந்தப் பாதிப் பார்வை வந்ததுண்டு. 1865இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். விழித்திரையின் குருதிக் குழாய்கள் புடைத்து அழுத்துவதால் அப்பகுதி உணர்விழக்கிறது என்பது அவர் கருத்து. நோயின் இடம் கண் என்று அவர் முடிவு செய்தார்.

அதே ஆண்டில் அதே இதழில் மறுப்பு வந்தது. எழுதியவர் கிரீன்விச் வான்காணகத்தின் தலைவர், அரச வானியலாளர் ஜார்ஜ் பிடெல் ஏரி. (வகுப்பில் 'ஏரி வட்டு' என்றதும் மாணவர்கள் சிரிப்பது வழக்கம், நீர் நிறைந்த ஏரி அன்று, தொலைநோக்கியில் விண்மீன் புள்ளியாகத் தெரியாமல் சிறு வட்டாகத் தெரிவதைக் கணக்கிட்டவரின் பெயர்.) அவருக்கு இது பலமுறை வந்திருந்தது. முதலில் சிறு மறைவு. பிறகு பல்பல்லான வளைகோடு. அது படிப்படியாக விரிந்து இருபது முப்பது நிமிடங்களில் விலகும். அவ்வளர்ச்சியை அவர் படமாகவே வரைந்து காட்டினார். நோயின் இருப்பிடம் மூளையே, கண்ணில் தெரிவது அதன் விளைவு மட்டுமே என்று உறுதியாக எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தம் கண்ணில் உள்ள சிதறல் பார்வைக் குறையைத் தாமே கண்டறிந்து, அதைத் திருத்த 1825இல் உருளை லென்சு செய்து அணிந்தவர் இந்த ஏரி. கண்ணின் குறை எப்படி இருக்கும் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அன்று சிலரே. அப்படிப்பட்டவர் 'இது கண்ணின் குற்றமன்று' என்றார்! தலைவலி என்றதும் கண்ணாடிக் கடைக்கு ஓடும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. கண்ணில் குறை இருந்தால் கண்ணாடி வேண்டியதே. ஆனால் ஒற்றைத் தலைவலியைக் கண்ணாடி தீர்ப்பதில்லை. என் பள்ளிக் காலக் கண்ணாடி இதற்குச் சாட்சி.

ஏரியின் மகன் ஹியூபர்ட் ஏரி மருத்துவர். தந்தையின் நோய் மகனுக்கும் இருந்தது. தந்தைக்கு ஒளிக்கோட்டின் பின் வலி வருவதில்லை, மகனுக்கோ கடுந்தலைவலி. 1870இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் அவர் வெளியிட்ட படங்கள் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. மறைவு எங்கே தொடங்குகிறது, சில நிமிடங்கள் கழித்து எவ்வளவு விரிகிறது, பற்கள் உள்ளே சிறிதாகவும் வெளியே பெரிதாகவும் இருப்பது எப்படி என்று கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறார். அக்கால ஐரோப்பியக் கோட்டைகளின் மதில்கள், கொத்தளங்கள் முன்துருத்தி நிற்க, மேலிருந்து நோக்கினால் விண்மீன் வடிவில் பல்பல்லாகத் தெரியும். அதனால் இதற்குக் கோட்டைச் சுவர்க் காட்சி என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். அப்படத்தை முதன்முதலில் பார்த்தபோது என் கை சற்று நடுங்கியது. நான் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே, நான் யாரிடமும் விளக்கிச் சொல்ல முடியாதிருந்ததை ஒருவர் வரைந்து வைத்திருந்தார்.

1873இல் எட்வர்டு லிவீங் என்ற மருத்துவர் ஒற்றைத் தலைவலி பற்றிப் பெரிய நூல் எழுதி, அதை 'நரம்புப் புயல்' என்றார். பெயர் அழகானதுதான். ஆனால் புயலுக்கு வேகம் என்ன?

நிமிடத்திற்கு மூன்று மில்லிமீட்டர்

அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் ஹார்வர்டு பேராசிரியர் கார்ல் லாஷ்லி. அவருக்கும் இந்த நோய் உண்டு. தாளில் ஒரு புள்ளியை உற்று நோக்கியபடியே, மறைவின் எல்லையை அவ்வப்போது குறித்துவைத்தார். 1941இல் அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டார். அக்கணக்கை நீங்களும் போடலாம்.

மூளையின் பின்புறத்தில், புறணி என்ற மேற்பரப்பில், பார்வைக்கு உரிய பகுதி இருக்கிறது. விழித்திரையின் ஒவ்வோர் இடத்திற்கும் அங்கே ஓர் இடம் உண்டு; உலகத்திற்கு உலகப்படம் போல. ஆனால் அந்தப் படத்தில் அளவு ஒரே சீராக இல்லை. உலகப்படத்தில் கிரீன்லாந்து தன் பரப்புக்கு மீறிப் பெருத்துக் காணப்படுவது போல, பார்வையின் நடுப்பகுதிக்குப் புறணியில் மிகப் பெரிய இடமும், ஓரப்பகுதிக்குச் சிறிய இடமும் ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே புறணியின் மேல் ஏதோ ஒன்று ஒரே வேகத்தில் நகர்ந்தாலும், நம் பார்வையில் அது நடுவில் மெதுவாகவும் ஓரத்தில் விரைவாகவும் பெருப்பதாகத் தோன்றும். பற்களும் ஓரத்தில் பெரிதாகத் தெரியும். ஏரி குடும்பத்தார் வரைந்தது இதையே அன்றோ!

புறணியில் பார்வையின் நடுவுக்குரிய இடத்திலிருந்து ஓரத்திற்குரிய இடம்வரை ஏறத்தாழ ஆறேழு சென்டிமீட்டர். கோடு அதைக் கடக்க இருபது நிமிடங்கள். தூரத்தைக் காலத்தால் வகுத்தால் நிமிடத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர்.

இந்த விடையின் விந்தை பாருங்கள். உடலின் விரைவான நரம்பிழைகளில் துடிப்பு நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். இதுவோ அதைவிட இருபது இலட்சம் மடங்கு மெதுவானது. எறும்புகூட இதைவிட வேகமாக ஊரும். அப்படியானால் ஓடுவது நரம்புத் துடிப்பன்று, வேறு ஏதோ. அது என்னவென்று லாஷ்லிக்குத் தெரியவில்லை.

அதே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிரேசில் நாட்டு இளைஞர் அரிஸ்டிடெஸ் லியாவோ, முயல்களின் மூளையில் மின்தூண்டல் செய்து காக்காய் வலிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். வலிப்பின் மின்னலைகளை எதிர்பார்த்த இடத்தில், மூளையின் இயல்பான மின்னலைகளும் அடங்கிப்போயின. அந்த அமைதி அக்கம்பக்கத்திற்கும் மெல்லப் பரவியது. வேகம் நிமிடத்திற்குச் சில மில்லிமீட்டர். 1944இல் அவர் இதைப் 'பரவும் ஒடுக்கம்' என்ற பெயரில் வெளியிட்டார். லாஷ்லியின் எண்ணும் லியாவோவின் எண்ணும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டி 1958இல் பீட்டர் மில்னர் சிறு குறிப்பு எழுதினார். இரண்டு எண்கள் அருகருகே வைக்கப்பட ஆன காலம் பதினான்கு ஆண்டுகள்!

இதை விளக்க நான் வகுப்பில் புல்வெளித் தீயைச் சொல்வது வழக்கம். காய்ந்த புல்லில் ஒரு மூலையில் தீ வைத்தால் எரியும் விளிம்பு மெல்ல முன்னேறும். அதன் பின்னே கருகிய வெற்றிடம் கிடக்கும். புறணியில் ஓரிடத்து நரம்பணுக்கள் ஒருசேரக் கிளர்ச்சியுற்றுப் பொட்டாசியம் அயனிகளை வெளியே கொட்டுகின்றன. அவை பரவி அடுத்த அணுக்களைக் கிளப்புகின்றன. கிளர்ந்தவை சோர்ந்து சிறிது நேரம் ஊமையாகின்றன. மினுக்கும் ரம்பக்கோடு எரியும் விளிம்பு; அதன் பின்னுள்ள மறைவு கருகிய இடம். புல்லோ மறுபடி முளைக்க மாதங்களாகும். நரம்பணுக்கள் அரைமணியில் தெளிந்துவிடுகின்றன. பற்கள் ஏன்? பார்வைப் புறணியின் அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்கே மிகுதியாகத் துடிக்கும் என்று ஹியூபலும் வீசலும் 1959 முதல் காட்டினார்கள். அவற்றைத் தீ தொட்டுச் செல்லும்போது சாய்ந்த கோடுகள் தெரிவதில் வியப்பில்லை.

மனித மூளையில் இதை நேரில் கண்டது 2001இல். கூடைப்பந்து ஆடினால் ஒளிக்கோடு வந்துவிடும் என்ற நிலையில் ஒருவர் இருந்தார். அவரை ஆடவிட்டு, பிறகு காந்த ஒத்ததிர்வுக் கருவியில் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். புறணியில் அலை நகர்ந்தது. வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர். அறுபது ஆண்டுக்கு முன் லாஷ்லி தாளும் பென்சிலும் கொண்டு போட்ட கணக்கு மிகச் சரியாகவே இருந்தது!

வலி எங்கிருந்து?

ஆனால் மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. நினைவோடிருக்கும் நோயாளியின் மூளையைத் தொட்டாலும் அவருக்கு வலிப்பதில்லை. மூளையைப் போர்த்திய சவ்வையும் அதன் குருதிக் குழாய்களையும் தொட்டால்தான் வலிக்கும். இதை 1940இல் ரேயும் உல்ஃபும் காட்டினர். அதற்கு இரண்டாண்டுகள் முன் இதே ஹெரால்டு உல்ஃப், கிரஹாமுடன் சேர்ந்து, எர்கோட்டமின் ஊசி போட்டதும் பொட்டுத் தமனியின் துடிப்பு குறைவதையும் அதனோடு வலி தணிவதையும் பதிவு செய்திருந்தார். ரை தானியக் கதிரைப் பிடிக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து 1918இல் ஆர்தர் ஸ்டால் பிரித்தெடுத்த மருந்து அது. குழாய் சுருங்கினால் வலி போகிறது. ஆகவே வில்லிஸ் சொன்னது சரி என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது.

அது பாதி உண்மையே. குழாய் விரியாமலும் வலி வருவது பின்னர் தெரிந்தது. முகத்துக்கும் மூளைச் சவ்வுக்கும் செல்லும் முக்கிளை நரம்பின் நுனிகளே வலியைத் தொடங்குகின்றன என்ற கருத்தை மாஸ்கோவிட்ஸ் 1979இல் முன்வைத்தார். அந்நுனிகள் சுரக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதம் வலியின்போது கழுத்துச் சிரையின் குருதியில் மிகுந்திருப்பதை 1990இல் கோட்ஸ்பியும் எட்வின்சனும் அளந்தனர். இனி யார் நடிப்பு என்று சொல்ல முடியும்? இந்த ஆய்வுகளுக்காக இம்மூவருக்கும் டென்மார்க்கின் ஒலெசனுக்கும் 2021இல் மூளை ஆய்வுப் பரிசு வழங்கப்பட்டது.

மருந்துகளும் இந்த வழியிலேயே வந்தன. நரம்பு நுனியையும் குழாயையும் ஒருங்கே அடக்கும் சுமாட்ரிப்டான் 1991இல் விற்பனைக்கு வந்தது. சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018இல் ஒப்புதல் பெற்றன. விலைதான் எட்டாத உயரம். அடிக்கடி வலி வருவோர்க்கு வராமல் தடுக்கும் மாத்திரைகளும் உண்டு. அவற்றில் ஒன்றான புரோப்ரனலால் இதய நோய்க்கெனத் தோன்றியது. அதை உண்ட ஒருவரின் தலைவலி நின்றதாக 1966இல் தற்செயலாகத் தெரியவந்தது. எதை யாருக்குக் கொடுப்பது என்பது மருத்துவரின் வேலை. சுமாட்ரிப்டான் வகை இதய நோயாளிகளுக்கு ஆகாது. பதினாறு வயது நிரம்பாதவர்களுக்கு ஆஸ்பிரின் ஆகாது. இருட்டறை, உறக்கம், வலி தொடங்கியதுமே மாத்திரை ஆகிய மூன்றும் பலருக்கு உதவும்.

ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். நானே அதில் விழுந்தவன். தேர்வுத் தாள் திருத்தும் மாதங்களில் தினமும் மாத்திரை விழுங்கினேன். முடிவில் மாத்திரை இல்லாத நாளெல்லாம் தலைவலி நாளாயிற்று. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள்களும், கூட்டு மாத்திரை அல்லது டிரிப்டான் வகையைப் 10 நாள்களும், அல்லது அதற்கு மேலும், மூன்று மாதங்களுக்கு மேல் உண்டால் மருந்தே தலைவலியை நிலைக்கச் செய்யும். விடாத தலைவலியோடு வருபவரிடம் மருத்துவர் முதலில் மாத்திரைக் கணக்கைக் கேட்பது இதனால்தான்.

எல்லாத் தலைவலியும் ஒற்றைத் தலைவலியன்று. நெற்றியைப் பட்டை போட்டு இறுக்குவது போன்ற இறுக்கத் தலைவலியே மிகவும் பரவலானது. ஒற்றைத் தலைவலிக்காரர்களிலும் ஒளிக்கோடு காண்பவர்கள் மூவரில் அல்லது நால்வரில் ஒருவரே. இன்னொன்றும் சொல்லவேண்டும். வொல்லாஸ்டன் 1828இல் இறந்தபோது அவர் மூளையில் கட்டி இருந்தது. இடிபோல் திடீரென்று தாக்கும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடிய வலி, தலையில் அடிபட்டபின் வரும் வலி, கைகால் தளர்ச்சியோ பேச்சுக் குளறலோ உடன் வரும் வலி, ஐம்பது வயதுக்குமேல் முதன்முறை தோன்றும் வலி, வாரந்தோறும் வளரும் வலி இவற்றில் எதையும் வீட்டில் வைத்துக்கொண்டு பற்றுப் போடக்கூடாது. முதன்முறை பார்வை மறைந்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

அன்றைய வகுப்புக்குத் திரும்புகிறேன். ஒளியியல் ஆசிரியன் அல்லவா, மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், பிறகு மறு கண்ணை. இரண்டிலும் சன்னலைக் காணவில்லை. மேசையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, தாளின் நடுவில் ஒரு புள்ளி இட்டு, அதையே நோக்கியபடி ஐந்து நிமிடத்திற்கொரு முறை ஓரத்தைக் குறித்தேன். முதல் இடைவெளியில் கோடு நகர்ந்தது அரை அங்குலம்கூட இல்லை. கடைசியில் அது தாளைத் தாண்டிவிட்டது.

மணி அடித்த பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி வந்தாள். மேசைமேல் கிடந்த தாளைச் சற்று நேரம் பார்த்தாள். "சார், இது எனக்கும் வரும்" என்றாள். வீட்டில் நம்புவதில்லையாம், படிக்கச் சோம்பல் என்கிறார்களாம். தன் செய்முறைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பல்பல்லான வில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்திருந்தன. உள்ளே சிறியவை, வெளியே பெரியவை. ஹியூபர்ட் ஏரியின் படத்தை மறுநாள் நகல் எடுத்துக் கொடுத்தேன். அப்பாவிடம் காட்டவேண்டும் என்று மடிக்காமல் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துச் சென்றாள்.